அப்பா வேலை பார்த்த ஊர்: சிங்கப்பூரில் ஆறு நாள்

முதல் நாள்

திருச்சியில் ஏறி நாலு மணி நேரத்தில் சாங்கியில் இறங்கிவிட்டேன். கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான் பயணம். இட்லிப் பொடி டப்பா உடைந்து பையெல்லாம் பொடி. வேறு சேதாரம் இல்லை.

அப்பா இதே ஊருக்கு 1951இல் வந்தபோது பத்தொன்பது வயது. ஒரு வாரத்துக்கு மேல் கடலில் கிடந்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையில் வந்து ஒட்டாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் கூட்டிப்போய் ஏற்றுவார்கள். ரஜூலா என்று அந்தக் கப்பலுக்குப் பேர். மேல்தட்டில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், அப்புறம் சிங்கப்பூர். இந்த விவரமெல்லாம் அவர் எனக்குச் சொன்னதில்லை. என் மகளுக்குச் சொல்லியிருக்கிறார். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அவள்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். என் அப்பாவைப் பற்றி என் மகளிடம் கதை கேட்க வேண்டியிருக்கிறது. பிழைப்பைப் பாருங்கள்.

மகள் இங்கே வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. “வாங்கப்பா, தாத்தா இருந்த எடத்தையெல்லாம் காட்டுறேன்” என்று போன வருடமே கூப்பிட்டாள். அதற்குள் அப்பா தவறிவிட்டார். தொண்ணூற்றிரண்டு வயது, கலியாணச் சாவுதான். வருஷத் திதி கொடுத்து முடித்ததும் டிக்கெட் போட்டேன்.

கிளம்பும்போது அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். “அந்த மனுசன் முப்பத்தாறு வருசம் எங்க படுத்து எந்திரிச்சாருன்னு பாத்துட்டு வா. நான் பாக்கவே இல்ல.” பேத்திக்கு முறுக்கு, எனக்கு இந்த வேலை.

விமானத்தில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். நான் பிறந்தது 1967. அப்பா வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்தது 1987. நடுவில் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. ஆக என் இருபது வயதுக்குள் அப்பாவை ஆறு தடவை பார்த்திருக்கிறேன். ஒன்பது வயதில் மெட்ராஸ் துறைமுகத்துக்கு அழைத்துப் போனார்கள். அப்போது ரஜூலா போய் எம்.வி.சிதம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் இறங்கி வந்தவர் என் தலையைத் தொட்டு என் அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். திருத்தப் பயமாக இருந்தது. இரண்டு நாள் அந்தப் பேருக்கே “ம்” கொட்டிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாம் நாள்

ஞாயிற்றுக்கிழமை என்பதால் தேக்கா, நம் ஆட்கள் கூடும் சந்தைப் பக்கம்.

மூங்கிலடி என்ற பொருள் வரும் ஹொக்கியன் சொல்தான் மருவித் தேக்கா ஆனதாம். ஒரு மூங்கிலையும் காணோம். இப்போதுள்ள சந்தைக் கட்டடம் 1982இல் வந்தது. அப்பா கடைசி நாலைந்து வருடம் இதில் காய் வாங்கியிருப்பார், அதற்கு முன்னால் எதிர்ப்பக்கம் இருந்த பழைய சந்தையில். வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டோம். நல்ல கூட்டம். 1947இலிருந்து நடக்கும் கோமள விலாசில் தோசை சாப்பிட்டோம். முறுகலாக இருந்தது. விலையை ரூபாயில் மாற்றிப் பார்த்த குற்றத்துக்காக மகள் என் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

தமிழ் முரசு ஒன்று வாங்கினேன். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய பேப்பர். எனக்கு அதைவிட நெருக்கமான சம்பந்தம் ஒன்று உண்டு. அப்பா கொடுத்தனுப்பும் சாமானெல்லாம் தமிழ் முரசில் சுற்றித்தான் வரும். கோடாலித் தைலம், லக்ஸ் சோப்பு, அம்மாவுக்கு நைலக்ஸ் சேலை. சாமானை அண்ணனும் தங்கையும் எடுத்துக்கொள்வார்கள், நான் தாளை எடுத்துக்கொள்வேன். கசங்கலை நீவிவிட்டு ஒரு வரி விடாமல் படிப்பேன். அப்பா இருக்கும் ஊரில் என்றைக்கு மழை, அரிசி என்ன விலை, எந்தக் கொட்டகையில் என்ன படம் எல்லாம் எனக்குத் தெரியும். என்ன, ஆறு மாதம் பழைய சேதி. அவர் கடிதத்திலோ “நலம், நலமறிய ஆவல், பணம் 300 அனுப்பியுள்ளேன், பிள்ளைகளைப் படிக்கச் சொல்லவும்.” முடிந்தது.

மதியத்துக்கு மேல் தெருவெல்லாம் நம் பையன்கள். பணம் அனுப்பும் கடையில் நீள வரிசை. மன்னார்குடிப் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்தது. ஒரு பையன் வரிசையில் நின்றபடியே வீடியோவில் ஒரு குழந்தையிடம், “அப்பா சொல்லு, அப்பா சொல்லு” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அது கேமராவை நக்கியது. இவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. பரவாயில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்பா முகத்தைப் பார்த்தாவது வளர்கிறார்கள்.

சந்தையில் மீன் வாங்கும்போது ஒன்று நடந்தது. மலாய்க்கார அம்மா ஒருவரிடம் மகள் கெளுத்தி மீனை எண்ணி எடுத்துக் கொடுத்தாள். “சத்து, துவா, தீகா, அம்பாட், லீமா...” இரண்டு வருடத்தில் மலாய் கற்றுக்கொண்டாயா என்றேன். “இங்க வந்தா? இது தாத்தா சொல்லிக் குடுத்ததுப்பா. தேங்காய் எண்ணும்போதெல்லாம் இப்படித்தானே எண்ணுவாரு.”

தேங்காய் எண்ணும்போது நானும் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன். வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுப்பார். கிழவருக்குக் கணக்கு மறந்துவிடுகிறது போல என்று நினைத்து, அவர் போனபின் நான் ஒரு தரம் எண்ணிப் பார்த்து வைப்பேன்.

மூன்றாம் நாள்

செம்பவாங்.

கேன்பரா என்று எம்.ஆர்.டி. ரயில் நிலையம். 2019இல்தான் திறந்தார்களாம். ஆஸ்திரேலியத் தலைநகர் பேர் இங்கே எப்படி வந்தது என்றால், வெள்ளைக்காரன் கடற்படைத் தளம் கட்டியபோது தன் சாம்ராஜ்யத்தையே தெருக்களில் எழுதி வைத்திருக்கிறான். கேன்பரா, வெலிங்டன், மாண்ட்ரியல், டர்பன், ஜிப்ரால்டர். தெருப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் உலகம் சுற்றி வந்த மாதிரி. அப்பா அனுப்பிய கடித உறைகளில் ‘நேவல் பேஸ், சிங்கப்பூர்’ என்று மட்டும் இருக்கும்.

இங்கே உள்ள பெரிய உலர்துறைக்கு ஆறாம் ஜார்ஜ் மன்னர் பேர். 1938இல் திறந்தது. ஆயிரம் அடி நீளம். கப்பலை உள்ளே ஓட்டிக் கதவைச் சாத்தித் தண்ணீரை இறைத்துவிட்டால் அடிவயிறு வரை கப்பல் காய்ந்து நிற்கும். அப்புறம் அதன்மேல் ஆள் ஏறித் துருவைக் கொத்தி எடுக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் அப்பா முதலில் சேர்ந்தது. ‘சிப்பிங்’ என்பார்கள். நாள் முழுக்கச் சுத்தியலால் இரும்பை அடிப்பது. ஒருவர் அடித்தாலே காது கிண்ணென்று இருக்கும், நூறு பேர் ஒரே கப்பலைச் சுற்றி அடித்தால்? அந்தக் காலத்தில் காதுக்கு அடைப்பானும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பத்து வருடம் போல அடித்தபின் ரிக்கர் வேலைக்கு, அதாவது கிரேனுக்குச் சங்கிலி மாட்டிச் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்கு, மாறினார்.

பட்டறைக்குள் நம்மை விடமாட்டார்கள். வாசலில் நின்று கிரேன்களின் தலையைப் பார்த்தோம். துவாஸ் பக்கம் புதுப் பட்டறை வந்துவிட்டது, இதை மெல்ல மெல்லக் காலி செய்கிறார்கள் என்று மகள் சொன்னாள். இந்தக் கிரேன்களும் போய்விடும் போலிருக்கிறது.

1971இல் பிரிட்டிஷ்காரர்கள் தளத்தை விட்டுப் போனார்கள். போகப்போகிறோம் என்று 1968இலேயே சொல்லிவிட்டார்கள். எத்தனையோ தமிழர்களும் மலையாளிகளும் கையில் கிடைத்த பணத்தை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் திரும்பினார்கள். எங்கள் ஊருக்கே நாலு பேர் வந்து சேர்ந்தார்கள். அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்து, மாட்டுக்கொட்டகையை மாற்றிக் கட்டி வைத்திருந்தாளாம். வந்தது கடிதம். கப்பல் பழுதுபார்க்கப் புதுக் கம்பெனி ஆரம்பித்துவிட்டார்கள், அதிலேயே வேலை தொடர்கிறது, நலமறிய ஆவல். அந்தச் சுண்ணாம்பு உதிர்ந்து மறுபடி அடித்து, மறுபடி உதிர்ந்து, பதினாறு வருடம் ஆனது அவர் வர.

தொழிலாளர் குடியிருப்பு இருந்த இடத்தைத் தேடினோம். இல்லை. வெள்ளைக்கார அதிகாரிகளின் கறுப்பு வெள்ளை பங்களாக்கள் அப்படியே இருக்கின்றன, புல்வெளி, போர்ட்டிகோ சகிதம். கூலிக்காரர் இருந்த வரிசைகளின் இடத்தில் அடுக்குமாடிகள். ஒரு தூங்குமூஞ்சி மரம் மட்டும் பெரிதாக நின்றது. அறுபது எழுபது வயது சொல்லலாம். அதன்கீழ் நின்று அம்மாவுக்கு வீடியோ போட்டேன்.

“எங்கடா வீடு?”

“வீடு இல்லம்மா, இடிச்சிட்டாங்க. இந்தப் பக்கத்துலதான் இருந்துச்சாம்.”

ரொம்ப நேரம் பார்த்தாள். “தரை மேடா இருக்கா? தண்ணி தேங்காதுல்ல?” என்றாள். தேங்காது என்றேன்.

நான்காம் நாள்

மெரினா பே, பூந்தோட்டம், தண்ணீர் துப்பும் சிங்கம். எல்லாம் நன்றாக இருந்தது. சாயங்காலம் மழை. கால் வீங்கிவிட்டது. கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டேன், இங்கே அது உள்ளூர்ச் சரக்கு.

ஐந்தாம் நாள்

காலையில் ஈசூன் தொழிற்பேட்டைக்குள் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில். அந்தக் காலத்தில் கேன்பரா சாலைப் பக்கம் நேவல் பேஸ் ஆட்கள் மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட முருகன், பின்னால் இங்கே வந்திருக்கிறார். பங்குனி உத்திரத்துக்குக் காவடி, தேர் எல்லாம் உண்டு. அம்மா கொடுத்தனுப்பிய நூற்றொரு ரூபாயை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே உண்டியலில் போட்டேன். முருகன் மாற்றிக்கொள்வார்.

அந்தக் கோயில் வழியாகத்தான் மகள் ஒரு பெரியவரைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எண்பத்து நாலு வயது. ஈசூனிலேயே நாலாவது மாடியில் மகன் வீட்டில் இருக்கிறார். 1966இல் தளத்தில் சேர்ந்து, அப்புறம் பட்டறையில் கிரேன் ஓட்டியவர். நான் என் அப்பா பேரைச் சொன்னேன். கேட்கவில்லை. மகள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

“அண்ணன் மகனா! உக்காரு தம்பி, உக்காரு. பதினோரு வருசம் நான் மேல, அவரு கீழ. அவரு மூஞ்சியக்கூட எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. கையத்தான் பாத்துக்கிட்டே இருப்பேன்.”

கிரேன்காரருக்குக் கீழே உள்ள சத்தம் எதுவும் கேட்காது. கீழே நிற்பவருக்குக் காதே கேட்காது. ஆகவே எல்லாம் கைதான். கோப்பி வரும்வரை அவர் அப்பாவாக மாறி நின்று காட்டினார். ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்னதாக வட்டம் போட்டால் தூக்கு, ‘நாயிக்’. விரலைக் கீழே காட்டி வட்டம் போட்டால் இறக்கு, ‘துரூன்’. ஒரு உள்ளங்கைக்கு அடியில் மற்றக் கையின் விரல் சுற்றினால் மெதுவாக, ‘பெலான் பெலான்’. கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க அசைத்தால் நிறுத்து. அவர் ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய, எதிரே சோபாவில் உட்கார்ந்திருந்த என் மகளின் கையும் தானாக அதையே செய்தது. பெரியவர் பார்த்துவிட்டார். வேண்டுமென்றே ஒன்றிரண்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். இவள் வாயால் பதில் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் உதட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

எனக்கும் அப்போதுதான் எங்கள் வீட்டு மச்சு ஞாபகம் வந்தது. கயிறு கட்டித் தேங்காய்க் கூடையை ஏற்றும்போது பேத்தி மேலே, தாத்தா கீழே. அவர் விரலை ஆட்டுவார், அவள் கயிற்றை இழுப்பாள், விடுவாள். தாத்தா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நான் ஈசிச்சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்களிடம் அவர் பேசியதே இல்லை. ஏதாவது கேட்டால் பதில் வராது. இன்னொரு தரம் கேட்டால் எழுந்து போய்விடுவார். திமிர் பிடித்த மனுஷன் என்று அண்ணன் சொல்வான், நானும் அதையேதான் நினைத்தேன். ரொம்பப் பின்னாடி காது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். டப்பாவை விட்டு எடுக்கவில்லை. அது கூட்டத்தில் இரைச்சலைத்தான் பெரிசாக்கும் என்று பெரியவர் இன்று சொல்லித் தெரிந்துகொண்டேன், அவரிடமும் ஒன்று டப்பாவில் இருக்கிறது.

ஒரு நல்ல கதையும் சொன்னார். அப்பா வாராவாரம் நாலு நம்பர் சீட்டு எடுப்பாராம். என் பிறந்த தேதிதான் அதிர்ஷ்ட நம்பராம். ஜூன் 17, ஆக 1706. ஒரு வாரம் அந்த நம்பருக்கே பரிசு விழுந்துவிட்டது. பட்டறையே அப்பாவைத் தூக்கப் போனால், மனுஷன் அந்த வாரம் 1607 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். “உங்கப்பா ரெண்டு நாள் சாப்புடலப்பா.” நான் சிரித்தேன். நிஜமாகவே சிரிப்பு வந்தது. என் பேரை மறந்தவர், தேதியையாவது முக்கால்வாசி ஞாபகம் வைத்திருந்தாரே.

கிளம்பும் நேரத்தில் பெரியவர், “இன்னும் ஒண்ணு இருக்கு, அது ரொம்ப ஆபத்துக்கு மட்டும்” என்று இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து, விரல்களைக் கோத்து இறுக்கிப் பிடித்துக் காட்டினார். எல்லாத்தையும் அப்படியே விடு, ஒருத்தரும் ஒன்றும் செய்யாதே என்று அர்த்தமாம்.

மகள் இதை மட்டும் திருப்பிச் செய்யவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கீழே இறங்கி புளோக் அடியில் இருந்த கல் மேசையில் உட்கார்ந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவில்லை.

அப்பா கடைசியாகத் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தார். தொண்டையில் குழாய். எட்டாம் நாள் கண்ணைத் திறந்தார். சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். இரண்டு கையையும் மெல்லத் தூக்கி நெஞ்சின்மேல் சேர்த்தார். உள்ளங்கையைச் சேர்த்துக் கும்பிட முடியவில்லை, விரல்கள் பின்னிக்கொண்டன. “சாமி கும்புடுறாரு” என்று அம்மா அழுதாள். நாங்களும் திருப்பிக் கும்பிட்டோம். மறுபடி செய்தார். மறுபடி கும்பிட்டோம். அன்று மாலை டாக்டர் கூப்பிட்டுத் தொடரலாமா என்று கேட்டபோது, முடிந்ததெல்லாம் செய்யுங்கள் என்று அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டோம். அதற்கு மேல் பதினோரு நாள்.

தங்கை கைப்பேசியில் இதையெல்லாம் இங்கிருந்து மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி சொல்லல?” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, பக்கத்து மேசையில் சதுரங்கம் ஆடிய சீனத் தாத்தாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“சொன்னா நீங்க என்னப்பா பண்ணியிருப்பீங்க?”

அரை மணி நேரம் இருக்கும். அவளே போய்ப் பால் விடாத கோப்பி-ஓ இரண்டு வாங்கி வந்தாள். எனக்கு வந்ததைச் சாசரில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தாள். அப்பா வீட்டில் இப்படிக் குடித்தால் வந்தவர்கள் முன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும். குடித்தேன்.

ஆறாம் நாள்

இரவு விமானம். பகலில் சாமான் கட்டுவதிலேயே பொழுது போனது. தைலப் பாட்டில்களைத் தமிழ் முரசில் சுற்றினேன். மகள் சிரித்தாள். எடை இரண்டு கிலோ கூடிவிட்டது. மைலோ டின்னை எடுத்துவிட்டோம், பெரியவர் கொடுத்த போட்டோவை வைத்துக்கொண்டேன். அதில் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், வலது கை மட்டும் உயரத் தெரிகிறது.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் ராத்திரி தங்கை வீட்டில் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள் என்று தெரியும். நேற்று எழுதியதை வாசிக்கும்போது கோயில், கிரேன், நாலு நம்பர் சீட்டு, அதுவரை வாசியுங்கள். கீழே இறங்கிக் கல் மேசையில் உட்கார்ந்ததை விட்டுவிடுங்கள்.

சற்று முன் அம்மா கூப்பிட்டாள்.

“முருகன் கோயில்ல எல்லாருக்கும் சேத்துக் கும்புட்டியாடா?”

“கும்புட்டேம்மா.”

“அவரும் கும்புட்டுக்கிட்டேதானே போனாரு.”

“ஆமாம்மா.”

“சரி, பாத்து வா. ராத்திரில குளுரும், துண்டக் கைல வச்சுக்க.”